பிரிக்காத மெழுகு டப்பா

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பா கிடக்கிறது. கார் பெயிண்டுக்குப் பூசுகிற மெழுகு. மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதப் பட்டை இன்னும் கிழியவில்லை. ஓரமெல்லாம் துரு. ஆட்டினால் உள்ளே கூழாங்கல் உருளுவதுபோல ஒரு சத்தம். மெழுகு காய்ந்து சுருங்கியிருக்க வேண்டும். வேன் ஓட்டும் என் மகன், "பிரிக்கவே இல்லையேப்பா, எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்பான். தோட்டத்துக் கார் கிளீனர் கொடுத்தது என்பேன். அதற்குமேல் சொன்னதில்லை.

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கராக இருந்த காலம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து ஆபீஸ் படி ஏறியவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காரைப் பதினான்கு வருடமாகக் கழுவி வந்த கிளீனர் எங்கள் லயத்தில் அடுத்த அறையான காம்பிராவில் இருந்தவர். 'அண்ணே' என்று கூப்பிட்டே வளர்ந்தேன். நான் வெள்ளைக் கால்சட்டை போட்ட நாளிலிருந்து அவர் என்னை 'ஐயா' என்றார். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் காய்ந்த தூசியைத் துடைக்கவே மாட்டார். முதலில் கூரையிலிருந்து தண்ணீரை மெல்ல இறக்கி மண்ணை ஓடவிடுவார். "மண்ணு மேல துணிய வச்சு இழுத்தா கோடு விழுந்துரும்ங்க. அப்புறம் அழிக்க ஏலாது" என்பார். சவர்க்காரத்துக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. ஒன்றில் நனைத்த துணி மற்றதில் விழாது. ஈரத்தை மெத்தென்ற தோல்துணியால் ஒற்றி எடுத்த பிறகு, மெழுகைப் பூசியது தெரியாத அளவுக்கு வட்டமாகத் தேய்ப்பார். அது புகைமூட்டமாக வெளுத்து வரும்வரை ஒரு சுருட்டோடு உட்கார்ந்திருந்து, பழைய ஃபிளானல் துணியால் மெருகேற்றுவார். அதற்கப்புறம் எங்கள் ஊர் மழையும் பனியும் அந்தக் கறுப்புக் காரில் தங்க முடியாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஆயுத பூஜையன்று தன் கையாலேயே காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மறுநாள் காலை ஒரே துடைப்பு, அடையாளமே இருக்காது. வெள்ளைக்காரத் துரை ஒரு பிடி சுண்டலை வாங்கித் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்.

பிறகு அந்தத் துரை தன் நாட்டுக்குக் கப்பலேறினார். நம் நாட்டுத் துரை ஒருவர் வந்தார். இனி நமக்கு நல்ல காலம் என்று மாலை போட்டு வரவேற்றோம். அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கறுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. காரை ஹட்டனுக்கு அனுப்பிப் பாலாடை நிறத்தில் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் ஆயுத பூஜை. துரை நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்புக்குப் போயிருந்தார். கார் பங்களாக் கொட்டகையில் நின்றது.

தொழிற்சாலையில் பூஜை முடிந்ததும் நானே தட்டைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன். கிளாக்கர் கையால் துரை காருக்குப் பொட்டு என்று நாலு பேர் பேசட்டுமே என்ற ஆசை. கிளீனர் கொட்டகை வாசலிலேயே மறித்தார். "இந்த வருசம் வேணாங்க ஐயா. பெயிண்ட் இன்னும் பச்சையா இருக்கு. நல்லா காஞ்ச பொறகுதான் மெழுகு போடணும். இப்ப எது பட்டாலும் உள்ள எறங்கிரும்." நான் கேட்கவில்லை. "சாமி காரியத்துல என்னாண்ணே தடங்கல் சொல்றீங்க?" என்று கேட்டபடி காரின் முன்மூடியான பானட்டில் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் மோதிர விரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். அவர் உடனே துணியை எடுத்தார். அதையும் தடுத்தேன். பூஜையில் வைத்த பொட்டை அன்றைக்கே துடைக்கக் கூடாது, மறுநாள்தான் ஆயுதத்தைத் தொட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவருக்கும் அது தெரியும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் துடைத்தார். சந்தனம் போயிற்று. பானட்டின் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு சிவப்பு. அதைச் சுற்றி மஞ்சள் வளையம். சவர்க்காரத்துக்கு அது அசையவில்லை. மண்ணெண்ணெய் போடலாமா என்று கேட்டேன். "போட்டா பெயிண்டே கழண்டு வந்துரும்ங்க" என்றார். துரை வருகிற நேரம். எனக்கோ வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. "நீங்களே வச்சதா ஒத்துக்குங்கண்ணே. வருசா வருசம் நீங்கதான வைக்கிறீங்க? ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுருவாரு. மிச்சத்த நான் பேசிக்கிறேன்" என்றேன்.

அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

துரை வந்தார். பானட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். யார் செய்தது என்று தமிழிலேயே கேட்டார். கிளீனர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "நான்தாங்க தொர. புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சுட்டேன்" என்றார். துரை ஏசவே இல்லை. என் பக்கம் திரும்பி, பத்துச்சீட்டு அடித்துக்கொண்டு வரச் சொன்னார். பத்துச்சீட்டு என்றால் வேலை நீக்கம். புருஷனுக்கு அது வந்தால் கொழுந்தெடுக்கும் பெண்சாதிக்கும் வேலை போகும், பிள்ளைகளோடு காம்பிராவையும் காலி செய்ய வேண்டும். அத்தனையும் தெரிந்தே ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். என் மோதிர விரலின் நகக்கண்ணில் குங்குமச் சிவப்பு அப்படியே இருந்தது. துரையிடம் காகிதத்தை நீட்டும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கிளீனரின் மனைவி கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "தொரகிட்ட பேசுறேன்னு சொன்னீங்களாமே தம்பி. மூணு புள்ளைகளோட எங்க போவோம்?" அவர் மட்டும் கடைசிவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். "பேசிப் பாத்தேங்கா. எவ்வளவோ சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாரு" என்றேன். "நீங்க சொன்னீங்களே, அது போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் கிளீனர் வாளிகளையும் தோல்துணியையும் இந்த டப்பாவையும் என் மேசையில் ஒப்படைத்தார். "பெயிண்ட் காஞ்சதும் வர்றவன மறக்காம போடச் சொல்லுங்க ஐயா" என்றார். அந்த நிலையிலும் அவருக்குக் காரைப் பற்றிய கவலை. பொகவந்தலாவையில் மைத்துனர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். அங்கேயும் இருக்க இடமில்லாமல் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். துரை பானட்டுக்கு மட்டும் மறுபடி பெயிண்ட் அடித்துக்கொண்டார். என் வேலை நிரந்தரமானது.

டப்பாவைப் புதுக் கிளீனரிடம் கொடுக்கத்தான் எடுத்தேன், முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு மகன் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, "நீங்களே பொட்டு வைங்கப்பா" என்று தட்டை நீட்டுவான். கை வலிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விடுவேன். இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். டப்பாவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்த அக்கா உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. பேசிப் பார்த்தேன் என்று அவரிடம் சொன்னேன். நான் பேசவே இல்லை.