மெல்லாத பல்

எம். புதுப்பட்டியில் வெடிக் கம்பெனிப் பெண்களுக்குச் சொத்தைப் பல்லைப் பசை வைத்து அடைத்துவிட்டுப் போன டாக்டர், அடைப்பு எவ்வளவு உறுதி என்று சோதிக்க மறு வருடம் வந்தார். டார்ச் அடித்த நர்ஸ் நான். டாக்டருக்குக் கசங்காத சட்டை. யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வாய்க்குள் பார்த்துத்தான் பேசுவார்.

"பிரமாதம்! ஒட்டினது அப்படியே இருக்கே!" என்றார் ஒரு பெண்ணிடம்.

"நீங்க ஒட்டிக் குடுத்தது விழுந்துறக் கூடாதுன்னு அந்தப் பக்கம் ஒரு பருக்கைகூட மெல்லல சார். வெடிச் சரம் பின்னுற நூலைக்கூட இந்தப் பக்கந்தான் கடிச்சு அறுக்கேன். இப்ப இந்தப் பல்லுதான் வலிக்கு."

"அது நான் அடைச்ச பல் இல்லம்மா."

தாளில் 'மிக உறுதி' என்று எழுதி, அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. என்னைவிடப் பக்கத்தில் இருந்தவர் அவர்.