குடை அடுப்புக்குத்தான்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மழையில் ரஹ்வா குடையை அடுப்புக்குப் பிடித்துவிட்டு, தான் நனைவாள். வீட்டின் பின்முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, அதற்கும் மேல் நீளக் காம்பு வைத்த சின்னச் சட்டி. பச்சைக் காபிக்கொட்டை பழுப்பாகிப் படபடவென்று வெடிக்கும் வரை சட்டியைக் குலுக்குவதை நிறுத்தமாட்டாள். புகை கிளம்பியதும் சட்டியோடு சமையலறை வாசலுக்கு ஓடுவாள். படியைத் தாண்டாமல் வெளியே நின்றபடியே குரல் கொடுப்பாள்: "எல்லாரும் வாங்க! மோந்து பாருங்க! புகை ஆறிடப் போகுது!" வருகிறவர்கள் புகையைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி, கண்ணை மூடி முகர வேண்டும். எரித்ரியக் காபிக்கு அதுதான் மரியாதை. முகராமல் கோப்பையை மட்டும் நீட்டுகிறவர்களை அவள் முறைத்தே கொன்றுவிடுவாள்.

அவளுக்குப் பதினெட்டரை வயது. பதினாறில் எரித்ரியாவிலிருந்து தன்னந்தனியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். தனியாக வந்த அகதிப் பெண்கள் சொந்தக் காலில் நிற்கப் பழகுகிற வரை தங்குவதற்கு நகரக் கவுன்சில் ஏற்பாடு செய்த வீடு இது. மூன்று அறை, மூன்று பெண்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ரஹ்வா தன் அறைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. வருகிற வழியில் அவள் படுத்த இடங்களில் கதவு என்று ஒன்று இருந்தால், பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு அவளுக்கு முதன்முதலாகக் கிடைத்தது இங்கேதான். அதற்காகவே இந்த வீட்டைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்பாள்.

நன்றி சொல்வதில் அவளுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. இந்த ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்வார்கள். அவள் ஏறும்போதும் சொல்வாள். துணி துவைத்து முடித்த வாஷிங் மெஷினின் தலையில் தட்டி, "நல்லா இரு" என்பாள். எந்த வாரம் கறுப்புக் குப்பைத்தொட்டி, எந்த வாரம் பச்சை என்பது தெருவிலேயே அவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கி, அவள் எதை வெளியே உருட்டுகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை உருட்டுவார்.

வியாழக்கிழமைகளில் ஷீலா வருவார். இந்த வீட்டுப் பெண்களுக்குப் பொறுப்பான பணியாளர், ஐம்பத்தெட்டு வயது யார்க்‌ஷயர்க்காரி. அவரிடம் எல்லா அறைக்கும் சாவி உண்டு. இருந்தும் கதவைத் தட்டிவிட்டு, திறக்கிற வரை நின்றுகொண்டிருப்பார். "வெறும் ஷீலான்னே கூப்பிடு கண்ணு" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறார். ரஹ்வாவுக்கு நாக்கு வளையவில்லை, 'ஷீலா அம்மா'தான். ஷீலாவின் பெருமையெல்லாம் அவருடைய தலைமுடி. சலூனில் சுருட்டி அலங்கரித்த முடியில் ஒரு சொட்டு பட்டுவிடாமல், ஃபைலைத் தலைக்குமேல் பிடித்தபடி காரிலிருந்து ஓடி வருவார். முதல் கோப்பை காபியோடு கிளம்பியும் விடுவார். கவனிக்க இன்னும் நாலு வீடு இருக்கிறது. ரஹ்வாவுக்கு இது பெரிய மனக்குறை. ஒரே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டு மூன்று தடவை காய்ச்ச வேண்டும். மூன்றாவதுதான் ஆசீர்வாதக் கோப்பை. அதைக் குடிக்காமல் எழுந்து போவது, சாப்பாட்டில் பாதியில் எழுவதற்குச் சமம்.

முன்பெல்லாம் அவள் சமையலறைக்குள்தான் வறுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கூரையிலிருந்த புகை அலாரம் அலற, பக்கத்து வீட்டார் போன் போட, தீயணைப்பு வண்டியே வந்து நின்றது. பூட்ஸ் காலோடு உள்ளே வந்த மூன்று பேரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவர்கள் ஒரு கோப்பையோடு கிளம்ப, இரண்டாவதை எடுத்துக்கொண்டு வண்டி வரை ஓடினாள். இனி யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அடுத்த முறை நாற்காலியில் ஏறி, தலை நனையாமல் குளிக்கப் போடும் பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை எடுத்து அலாரத்துக்கு மாட்டிவிட்டாள்.

அதை ஷீலா பார்த்தார். அவர் கத்தி அந்த வீடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேல ரெண்டு பொண்ணுங்க தூங்குறாங்க! தீப்பிடிச்சா அவங்களை யாரு எழுப்புறது? உன் தொப்பியா?"

தனி ஃபிளாட்டுக்குப் போகத் தகுதி உண்டா என்று பார்க்கும் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஒன்பதாவது, தீ விஷயத்தில் கவனமாக இருக்கிறாரா என்பது. ஷீலா அங்கே 'இல்லை' என்று எழுதினார். ரஹ்வாவுக்கு என்று ஒதுக்கியிருந்த ஃபிளாட் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. தொப்பியைச் சமையலறைக் கதவருகே ஆணியில் மாட்டி, "இது இங்கேயே தொங்கட்டும், தினம் பாரு" என்றார். அதே ஷீலாதான் மறுவாரம் தன் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து இந்தக் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். "காபியை விடச் சொல்லல. வெளிய வச்சுக்க. பன்னண்டு வாரம் பார்ப்போம்." ரஹ்வா அன்று இரவு அழுதாள். ஃபிளாட் போனதற்குப் பாதி, அடுப்பு வந்ததற்குப் பாதி.

பன்னிரண்டாவது வாரம் இந்த வியாழன். புது ஃபிளாட் ஒன்று காலியாக இருந்தது. படிவம் மறுநாளைக்குள் போய்ச் சேராவிட்டால் அதுவும் கைவிட்டுப் போய்விடும். காலையிலிருந்தே பேய்மழை, கூடவே காற்று. இருபது தீக்குச்சி செலவழித்தும் அடுப்பு பற்றவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் குலாலை என்ற ஆப்கன் பெண் ஜன்னலைத் திறந்தாள்.

"அடியே, உள்ள வந்து வறு! ஜன்னலைத் திறந்து வச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"அப்ப இன்னிக்குக் காபியே வேணாம், விடு."

"கையெழுத்துப் போட வர்றவங்களுக்கு வெறும் தண்ணியா குடுக்கறது? வாயை மூடு, ஜன்னலையும் மூடு."

இருபத்தோராவது குச்சியில் அடுப்பு பற்றியது.

ஷீலா வந்தபோது முன்னறையில் யாரும் இல்லை. சமையலறைக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். அலாரம் திறந்திருந்தது, பச்சை விளக்கு மினுக்கியது. ஆணியைப் பார்த்தார். தொப்பி இருந்தது. வாசலுக்கு வந்து முற்றத்தைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நனைந்த ஒருத்தி அடுப்புக்குக் குடை பிடித்தபடி, பல் கிடுகிடுக்கச் சட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா கண்ணு நீ?"

"அம்மா, மோந்து பாருங்க. புகை ஆறிடும்."

ஷீலா மழையில் இறங்கிவந்து கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு குடையை வாங்கி, அடுப்புக்கு மேலேயே பிடித்துக்கொண்டார். குலாலை கொட்டையை இடித்துக் கொடுத்தாள். முதல் கோப்பை முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. பையில் போன் அடித்தது, ஷீலா அடுத்துப் போக வேண்டிய வீட்டிலிருந்து.

"அரை மணி நேரம் லேட்டாகும்… இல்லம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. காபி குடிச்சிட்டிருக்கேன்."

குடை பிடித்த கை வெளியிலேயே இருக்க, மற்றக் கையை வாசலுக்குள் நீட்டி, அங்கிருந்த வாஷிங் மெஷின்மேல் படிவத்தை வைத்து எழுதினார்.

"ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்'. கையெழுத்தும் போட்டாச்சு."

ரஹ்வாவுக்கு எப்போதும் நுனிநாக்கில் நிற்கிற நன்றி, தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை. தூளில் மறுபடி தண்ணீர் விட்டாள். "மூணாவது இன்னும் இருக்கு" என்றாள்.

"தெரியும். அதுக்குத்தானே நிக்கிறேன்."

ஷீலாவின் சுருள்முடி மொத்தமும் நெற்றியில் படிந்து சொட்டிக்கொண்டிருந்தது. குடை அப்போதும் அடுப்புக்குத்தான். ரஹ்வா எழுந்துபோய், ஆணியிலிருந்த பூப்போட்ட தொப்பியை எடுத்துவந்தாள். இரண்டு கையாலும் விரித்து, ஷீலாவின் தலையில் காது மூடும் வரை இழுத்துவிட்டாள்.