கிரைண்டர் காரண்டியும் என் கன்னடமும்

எங்கள் வீட்டுக்குக் காரண்டியோடு வந்த முதல் பொருள் ஒரு கிரைண்டர்தான். அதற்கு முன்பு வந்ததெல்லாம் அம்மாவின் சீர்வரிசையாகவோ, யாராவது வீடு காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனதாகவோ இருக்கும். கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்ற பேச்சே எழாது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவோம். ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் மேலே ஒரு துணியை விரித்துப் பூச்சாடியை வைத்துவிடுவோம். இந்தக் கிரைண்டரை மட்டும் அம்மா மெயின் ரோட்டுக் கடைக்குப் போய், தன் சொந்தக் காசில், பில் கேட்டு வாங்கினாள். ஒரு வருஷத்துக்குள் கெட்டுப்போனால் நாங்கள் பொறுப்பு என்று கடைக்காரர் சீல் குத்திக் கொடுத்தார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. உலகத்தில் இவ்வளவு நல்லவர்களா என்று வியந்துபோனேன்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்து முழுக்க அம்மாவின் தோசை மாவுக்கு வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிற கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் ஜெபமாலையைக் கைப்பையில் போட்ட கையோடு மாவையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அப்பா வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அந்த வேனில் வருகிறவர்களில் சிலர்கூட இறங்கும்போது ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்வார்கள். அம்மாவை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மாவு அக்கா'தான். அப்படிக் கூப்பிட்டால் அம்மாவின் நடையே மாறிவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா வேனைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அமர்க்களப்படுத்தினார். மீந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவருக்குக் கிரைண்டர் கண்ணில் பட்டது. வேன் மட்டும்தான் சோறு போடுகிறதா, இது போடவில்லையா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்கு பக்கமும் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, கைநிறையக் குங்குமம் அப்பி, சாமந்தி மாலையும் சாத்திவிட்டார். அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூஜை முடிந்த வாரமே கிரைண்டர் நின்றுபோனது. ஸ்விட்சைப் போட்டால் 'உர்' என்று உறுமும், கல் மட்டும் அசையாது. கம்பெனி மெக்கானிக் வந்து அடிமூடியைக் கழற்றினார். மூடியின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்து, சிவந்த விரலை எங்களுக்குக் காட்டினார். குங்குமம் உள்ளே போயிருக்கிறது, இதற்குக் காரண்டி செல்லாது என்று கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, நாங்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துப் பார்த்தாள். மிக்சி சூடேறி மாவும் சூடாகி, இட்லி தட்டையாகச் சப்பிக்கொண்டு வந்தது. வாங்கியவர்கள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு ஆண்ட்டி ஒருநாள் மூலைக் கடையில் வாங்கிய பாக்கெட் மாவைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு போனதை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அம்மா உள்ளே வந்து, ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் தேய்த்தாள். தீபாவளிக்குள் கிரைண்டர் ஓடாவிட்டால் வாடிக்கை கைவிட்டுப் போகும், போனால் திரும்பி வராது என்று எனக்கே புரிந்தது.

அப்பாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. "விடு, பொழைக்க வந்த ஊர்ல எதுக்கு வம்பு? யார்கிட்டயாவது குடுத்து மோட்டாருக்குக் காயில் கட்டிக்கலாம்" என்றார். அம்மா பதில் பேசவில்லை. அம்மா பதில் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொள்வார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்கு அது பிடிபடவில்லை.

அடுத்த தெருவில் மைசூர்ப் பக்கத்து வக்கீல் ஆண்ட்டி ஒருவர் இருந்தார். மாவு வாங்க வந்தால் வாசலில் நின்றபடியே அம்மாவோடு வெகுநேரம் பேசுவார். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "சனிக்கிழமை கடைக்குப் போறோம், நீயும் வர்றே. எனக்குக் கன்னடம் வராதுல்ல, நீதான் பேசணும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் கன்னடத்தில் நான்தான் முதல் மார்க். பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதிலிருந்து கேஸ் சிலிண்டர்காரருக்குப் போன் செய்வதுவரை அம்மா எப்போதும் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள். எங்கள் கன்னட மிஸ்ஸுக்கு 'தயவிட்டு' என்று, அதாவது தயவுசெய்து என்று, ஆரம்பிக்காத வாக்கியம் வாக்கியமே இல்லை. பெரியவர்களிடம் கடுஞ்சொல் சொன்னால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார். ஆகவே நான் பேசிய கன்னடத்தைக் கேட்டால் யாரோ பாடப் புத்தகத்தைப் பிரித்து வாசிப்பதுபோல இருக்கும்.

சனிக்கிழமை கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்பாவும் வந்தார். ஆனால் கடை வாசலில் கிரைண்டரை இறக்கி வைத்ததும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. மணி அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேச ஆரம்பித்துவிட்டார்.

கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததுமே "ஆகல்லம்மா" என்றார். முடியாது என்பதைக் கன்னடத்தில் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குங்குமம் உள்ளே போன மெஷினுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கன்னடத்திலேயே தொடர்ந்தார்.

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "வாங்கும்போது வாயெல்லாம் பல்லா இருந்துச்சே, இப்ப மூஞ்சி ஏன் இப்படிப் போகுதுன்னு கேளு."

இதை அப்படியே சொன்னால் பெஞ்சுமேல்தான் நிற்க வேண்டும். "தயவிட்டு அங்கிள், நாங்கள் வாங்க வந்தபோது நீங்கள் சிரித்த முகமாக இருந்ததை அம்மா நினைத்துப் பார்க்கிறார்கள்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார், அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்துக்கொண்டு, மெஷினுக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறவர்களுக்கு மெஷின் எதற்கு, ஆட்டுக்கல்லே போதுமே என்றார்.

நான் அம்மாவிடம் திரும்பினேன். "நாம பக்தியா இருக்கறது அவருக்குப் பிடிச்சிருக்காம்மா. ஆனா மெஷின் ரொம்ப நாசூக்காம், கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிட்டிருக்கலாமாம்."

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் தரையைப் பார்த்தாள். கோபத்தை அடக்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்து கடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இவருக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பின்னாடி திரும்பிப் பாக்கச் சொல்லு."

நானும் அப்போதுதான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த மிக்சி, குக்கர், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. ஒரு கிரைண்டருக்கு எங்கள் வீட்டைவிடக் குங்குமம் கூடுதல். வாடிய சாமந்திச் சரம்கூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கெல்லாம் காரண்டி உண்டா இல்லையான்னு கேளு. இல்லேன்னா வெளிய போர்டு எழுதி மாட்டச் சொல்லு" என்றாள் அம்மா.

"தயவிட்டு அங்கிள், இவற்றை வாங்கப் போகிறவர்களை நினைத்து அம்மா கவலைப்படுகிறார்கள்" என்றேன். பக்கத்தில் குக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, குக்கரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் நகர்ந்து நின்றார். கடைக்காரருக்கு வியர்த்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். குங்குமம் போகட்டும், காரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். நீங்கள் மாவு விற்று வியாபாரம் பண்ணுகிறீர்கள், வியாபாரத்துக்கு வாங்கினால் காரண்டியும் கிடையாது, கேஸும் நிற்காது என்றார்.

இதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தேன். "உன் மாவு வியாபாரம் நல்லா போகுதுன்னு அவரும் கேள்விப்பட்டாராம்மா" என்று சொல்லி வைத்தேன்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன ஃபேக்டரியா நடத்துறேன்? ஆள் வச்சா அரைக்கிறேன்? என் ரெண்டு கையால அரைச்சு என் பொழப்பைப் பாக்குறேன். அப்படி வயித்துப்பாட்டுக்கு வாங்குறவங்களையும் சட்டம் கன்ஸ்யூமர்னுதான் சொல்லுது. வித்த பொருள்ல குறை இருந்தா சரிபண்ணிக் குடுக்கணும், இல்லேன்னா மாத்திக் குடுக்கணும். முடியாதுன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுல வந்து சொல்லச் சொல்லு." சொல்லி முடிக்கும்போது அவள் குரல் நடுங்கியது. அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, அம்மாவை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

கோர்ட் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி சீரியலில் வருகிற கைவிலங்குதான். இவ்வளவு பெரிய கடை வைத்திருக்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து இப்படிச் சொன்னேன்: "தயவிட்டு அங்கிள், அம்மா தன் கையாலேயே அரைக்கிறார்கள். அவர்கள் ஓர் இடத்துக்குப் போகப்போகிறார்களாம். ஆனால் நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போகமாட்டார்களாம்."

கடைக்காரர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஐயோ, பெரியவரை அழவைத்துவிட்டோமே என்று எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கர்ச்சீப்பை எடுத்தவர், கம்பெனிக்குப் போன் போட்டார். குங்குமம் மூடியில்தான் இருக்கிறது, மோட்டாரே சரியில்லை, பாவம் சொந்தப் பிழைப்புக்கு வாங்கிய பெண், கேஸ் என்று போனால் நமக்குத்தான் அசிங்கம் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். போனை வைத்துவிட்டு என்னிடம், தீபாவளிக்கு முன்னால் புது மோட்டார் வந்துவிடும், அதுவரைக்கும் இந்த டிஸ்ப்ளே கிரைண்டரைக் கொண்டுபோய் அரையுங்கள் என்று அம்மாவிடம் சொல் என்றார்.

இதை மட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்னு சொல்லு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போனும் முடிந்துவிட்டது. உள்ளே வந்து, "என்ன, நான் வந்து பேசட்டுமா?" என்றார். அம்மா, "தூக்குங்க, போதும்" என்றாள்.

அன்று ராத்திரிக்கே சந்து முழுக்க மாவு போனது. குக்கரைக் கீழே வைத்த பெண்மணி எங்கள் வீட்டு விலாசம் கேட்டுவந்து ஒரு பாக்கெட் வாங்கிப் போனார். எதிர்வீட்டு ஆண்ட்டியும் வந்தார். அம்மா அவருக்கு ஒரு கரண்டி சேர்த்தே ஊற்றினாள். பாக்கெட் மாவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சொன்னபடி புது மோட்டாரும் வந்தது. டிஸ்ப்ளே கிரைண்டரைத் திரும்ப எடுத்துப் போகக் கடைக்காரரே வந்தார். வாசலில் நின்று, "என்னம்மா, மெஷின் நல்லா ஓடுதா? சத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று தமிழில் கேட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நன்றாக ஓடுகிறது, முன்பைவிட மாவு பொங்கி வருகிறது, நீங்களும் கொஞ்சம் கொண்டுபோய் வீட்டில் கொடுங்கள் என்று கன்னடத்தில் மளமளவென்று சொன்னாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஒரே ஒரு சனிக்கிழமை நான் நடுவில் நின்று பேசியதைக் கேட்டே அவர் தமிழும் அம்மா கன்னடமும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்! திங்கட்கிழமை இதை மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் என்னைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது எனக்கு வைட்ஃபீல்டில் வேலை. வாங்கிய பொருள் சரியில்லை என்று போனில் கத்துகிறவர்களின் கோபத்தை மரியாதையான வாக்கியமாக்கி மேலே அனுப்ப வேண்டும், மேலே இருந்து வருகிற 'முடியாது'களையும் அதேபோல் பக்குவமாக்கிக் கீழே சொல்ல வேண்டும். இதற்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். பெங்களூரில் மெயின் ரோட்டில் கடை நடத்துகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்காது. வக்கீல் ஆண்ட்டியிடம் அம்மா சட்டம் கேட்டதும் தமிழில் இருந்திருக்காது. வாயெல்லாம் பல்லும், பொடனிக் கண்ணும், ஆட்டுக்கல்லும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கேட்ட இரண்டு பேரும் பதிலுக்குப் பொங்கியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் தயவிட்டு என்று தொடங்கி முடிக்கும்வரை காத்திருந்து, நான் சொன்னதைத்தான் கேட்டதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற மரியாதையை உடைக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அதைத்தான் நான் ரொம்ப காலம் என் கன்னடத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.