பதிவேட்டில் எழுதிய ‘சபை’

படூர் விடுதியில் என்னோடு பேசுபவள் அறைத்தோழி ஒருத்திதான். ஒரு ஞாயிறன்று நண்பர்களோடு மாமல்லபுரம் போகக் கிளம்பியவள், வாராவாரம் தேவாலயத்துக்குப் போகும் என்னிடம், வெளியே செல்வோர் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரேயும் ‘சபை’ என்று எழுதச் சொன்னாள்.

“நீதான் ஞானஸ்நானம் எடுத்துட்டியேடி. பாவமெல்லாம் கழுவியாச்சு. ஒரு பொய்யில இன்னா அழுக்கு ஒட்டப்போவுது?”

எழுதினேன்.

அன்று சபையில் திருவிருந்து அப்பத் தட்டு என் வரிசைக்கு வந்தது. மன்னிப்பு உண்டென்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மன்னித்த ஆண்டவருடைய பந்தியில், அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு கை நீட்ட முடியவில்லை. அப்பத்தை எடுக்காமல் தட்டை அடுத்தவரிடம் கொடுத்தேன். மாலையில் வார்டனிடம் உண்மையைச் சொல்லி, அந்தச் சொல்லை அடித்தேன்.

அடுத்த மாதத் திருவிருந்தில் அப்பத்தை எடுத்தேன். அதை அவளிடம் சொல்ல விரும்பினேன். அவள் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது.