எண்பதக்காவும் ஏழு வயதுப் பேட்டரியும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த மருத்துவமனை வாசலில் யாருக்கும் தெரியாது. எண்பதக்கா என்று கேட்டால் காவலாளியிலிருந்து கண் டாக்டர் வரை கை காட்டுவார்கள். தன் மின்சாரக் காரில் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற மாட்டாள், இருபதுக்குக் கீழே இறங்கவும் விட மாட்டாள். சார்ஜ் நிலையத்தில் திரையை முறைத்துக்கொண்டே நிற்பாள். எண்பது வந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுவாள்.

"கார் பாவம்க்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற பிள்ளையைத் தட்டோட தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்பான் பக்கத்து வண்டிக்காரன்.

"வயிறு முட்டத் தின்னுட்டு வெயில்ல கிடந்தா உனக்கே ஒத்துக்காது. பேட்டரிக்கு மட்டும் ஒத்துக்குமா?"

அந்தப் பக்கத்து வண்டிக்காரனுக்கு ஃபுல்லு என்று பெயர். எப்போதும் நூறு ஏற்றுவதால் வந்தது. விவரம் தெரியாத புதியவர்கள் அவனருகே வந்ததும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். டீயைக்கூட ஆற வைத்துக் குடிக்கிற மனிதன் அவன்.

காரை வாங்குவதற்கு முன்பு அக்கா ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். நாற்பது தாண்டிய பெண்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். கை வேகம் குறைந்துவிடுமாம். குறைந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் நிற்க வைத்துச் சட்டைகளை எண்ணியிருந்தால், பக்கத்து மேசையில் இருந்த இருபது வயதுப் பெண்ணைவிட அவள் முன்னால் இருந்தது தெரிந்திருக்கும். எண்ணுவதற்குச் சோம்பல், துரத்துவதற்குச் சுறுசுறுப்பு. அநியாயம் செய்கிறவர்களிடம் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தொழிற்சாலையில் கிடைத்த கடைசித் தொகையோடு, கூடவே வசிக்கும் அண்ணியின் வளையல்களும் சேர்ந்து அந்தக் கார் ஆனது. அண்ணன் போன பிறகு இரண்டு பெண்களுக்கும் அதுதான் அடுப்பை எரிய வைத்தது. வண்டியோடு வந்த தடித்த கையேட்டை அக்கா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். நிரம்பிய நிலையிலும் காலியான நிலையிலும் நெடுநேரம் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும் என்று அதில் போட்டிருந்தது. அன்று பிடித்ததுதான் எண்பது.

வேலை, டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும். ஐந்து மின்சாரக் கார்கள் இந்தச் சேவையில் ஓடின. அக்கா, ஃபுல்லு, அண்ணன் தம்பி இருவர், பிறகு புதுசு. ஐந்து வண்டியும் ஒரே மாடல். புதுசு என்பவன் இருப்பதிலேயே வயது குறைந்த வண்டியின் சொந்தக்காரன். அவன் வண்டிக்கு ஐந்து வயது, மற்ற நான்கிற்கும் ஏழு.

ஒருநாள் வெளியிலிருந்து வாடகைக்கு வந்த ஒரு கார், நோயாளியோடு பாலத்தின் மேல் நின்றுவிட்டது. ஓட்டியவன் சார்ஜைப் பார்க்காமல் கிளம்பியிருந்தான். காரணம் அவ்வளவுதான். ஆனால் மறுவாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. ஆறு வயது தாண்டிய மின்சார வண்டிகள் அடுத்த மாதம் முதல் சேவையில் இருக்காது.

நான்கு குடும்பங்களுக்கு அந்தத் தாள் சோற்றில் விழுந்த மண். அக்கா நேராகப் போக்குவரத்து மேலாளரின் அறைக்குப் போனாள். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர், அவ்வளவே. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர்கள்தான் பல சமயம் அடுத்தவர் தலையில் கை வைத்துவிடுகிறார்கள்.

"எதை வச்சு சார் ஆறு வருஷம்னு போட்டீங்க?"

"பேட்டரிம்மா. ஃபோன் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல உப்பிப் போயிடுது. கார் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஊர்ல யாரைக் கேட்டாலும் அஞ்சாறு வருஷம்னுதான் சொல்றாங்க."

"ஊர்ல கேட்டீங்க. வண்டியைக் கேட்டீங்களா?"

"வண்டியை எப்படிம்மா கேக்கறது?"

"அளந்துதான். ஃபோனை நாம தலையணைக்கு அடியில போட்டுச் சூடாக்குறோம், தினமும் காலி பண்றோம். காருக்குள்ள பேட்டரியைக் குளிர வைக்கிறதுக்குத் தனி ஏற்பாடே இருக்கு சார். ரெண்டும் ஒண்ணா? வயசைப் பார்த்துத்தான் அனுப்பணும்னா, இந்தக் கட்டடத்துல முதல்ல யாரை அனுப்பணும், சொல்லுங்க."

சக்கர நாற்காலியில் வாசலோரம் காத்திருந்த ஒரு முதியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பேச்சுவாக்குல என்னை அனுப்பி வச்சுடாதே. நான் இன்னும் ரத்தம் சுத்தம் பண்ணிக்கலை."

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த முகத்தோடு அவர் ஒரு வழி சொன்னார். "நீங்க வண்டியை எப்படிப் பார்த்துக்கிறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எண்பதுக்கு மேல ஏத்த மாட்டீங்க. உங்க வண்டிக்கு மட்டும் விலக்கு எழுதித் தர்றேன். போதுமா?"

போதும் என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. அவள் சொல்லவில்லை.

"விலக்கு வேணாம் சார். அஞ்சு வண்டியையும் அளப்போம். புது வண்டியில நாப்பது யூனிட் மின்சாரம் நிக்கும். எழுபது சதவீதம், அதாவது இருபத்தெட்டு யூனிட் நிக்காத வண்டி வெளியே போகட்டும். என் வண்டியா இருந்தாலும் போகட்டும்."

மேலாளர் சம்மதித்தார். எப்படியும் தாள் ஒட்டியாகிவிட்டது, அளந்து பார்த்தால் அவருக்கு என்ன நட்டம்?

நட்டம் யாருக்கு என்று அண்ணிக்குத் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"வீடு தேடி வந்த விலக்கை வேணாம்னுட்டு வந்தியா? அந்த ஃபுல்லு உனக்கு மாமனா மச்சானா?"

"யாரா இருந்தா என்ன அண்ணி? அவன் வண்டியும் ஏழு வருஷம் ஓடியிருக்கு."

"அவன் வண்டி செத்துக் கிடக்கும்டி. நூறு நூறா ஏத்தி வச்சிருக்கான். நீ பொத்திப் பொத்தி வளர்த்திருக்கே. ஒருவேளை உன்னுதுலயே ஏதாவது கோளாறு இருந்தா?"

"இருந்தா தெரியட்டும். தெரியாம நோயாளியை ஏத்திட்டுப் போறதுக்கு அது மேல்."

"பெரிய நீதிபதி!" என்றாள் அண்ணி. மீதி வெங்காயத்தை ஓங்கி ஓங்கி நறுக்கினாள். அவள் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. வளையல்கள் அவளுடையவை.

ஆனாலும் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. தன் வண்டிதான் முதலில் வரும், ஃபுல்லுவின் வண்டி தட்டுத் தடுமாறியாவது கரையேறினால் போதும். அவன் ஒருவனுக்காகத்தான் அவள் கொஞ்சம் பயந்தாள்.

சோதனை, மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த பணிமனையில் நடந்தது. பணிமனைக்காரி நீல உடையில் எண்ணெய்க் கறையோடு இருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், வேலையில் மட்டும் யாரையும் நம்பாதவள். அவள் சொன்ன முறை எளிமையானது. ஒவ்வொரு வண்டியையும் கிட்டத்தட்ட காலியாகும்வரை ஓட்ட வேண்டும். பிறகு அளவுக்கருவி பொருத்திய சார்ஜரில் நூறுவரை நிரப்ப வேண்டும். எத்தனை யூனிட் உள்ளே நின்றது என்று கருவி சொல்லிவிடும்.

அக்கா தன் வண்டியை இருபதுக்குக் கீழே இறக்கியது அன்றுதான். திரை சிவப்பாகிக் கத்தத் தொடங்கியதும், பிள்ளையைப் பட்டினி போட்டவள் மாதிரி ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தாள்.

"ஒருநாள் இறக்கினா ஒண்ணும் ஆகாதுக்கா. அப்படியே போட்டு வச்சாத்தான் கெடும்" என்றாள் பணிமனைக்காரி.

சோதனைக்கு மேலாளரும் வந்து நின்றார். முதலில் அண்ணன் தம்பி வண்டிகள். இரண்டிலும் முப்பத்து மூன்று நின்றது. அக்காவுடையதில் முப்பத்து நான்கு. அவள் நிமிர்ந்து நின்றாள். அடுத்தது ஃபுல்லு. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"முப்பத்தஞ்சு" என்றாள் பணிமனைக்காரி.

அண்ணன் தம்பி இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னக்கா, இனிமே உங்களை எழுபத்தொம்பதுன்னு கூப்பிடட்டுமா?"

அக்காவின் முகம் சுண்டித்தான் போனது. ஏழு வருட நெறி, ஏழு வருடக் கேலி, கடைசியில் ஒரு யூனிட் பின்னால். வேறு யாராக இருந்தாலும் கருவி சரியில்லை என்று சொல்லியிருப்பார்கள். நம் ஆட்கள் நம்பிக்கைக்கு அடி விழும்போதெல்லாம் தராசைத்தான் குறை சொல்வார்கள். அவள் ஃபுல்லுவிடம் போனாள்.

"சவாரி இல்லாத நேரம் வண்டியை எங்கடா நிறுத்துறே?"

"பாலத்துக்கு அடியில. எப்பவும் நிழல்தான். ஏன்க்கா?"

"நூறு எப்ப ஏத்துவே?"

"கிளம்புறதுக்கு முன்னாடி. காலையில ஏத்தி முடிச்சதும் வண்டியை எடுத்துருவேன்."

"அப்ப நூறுல அது கிடக்கவே இல்லை. ஏத்தினதும் இறங்க ஆரம்பிச்சிருது." அவள் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நான் எண்பதோட நிறுத்தி, வீட்டோரத் தகரக் கொட்டகையில கொண்டுபோய் வேக வச்சிருக்கேன். கையேட்டுல வெயில் பத்தியும் ஒரு பக்கம் இருக்கு. படிச்சேன். எண்பதைப் பிடிச்சுக்கிட்டு அதை விட்டுட்டேன்."

"ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி" என்றாள் பணிமனைக்காரி. "அக்கா எண்பது வைக்கலைன்னா அந்தக் கொட்டகைச் சூட்டுக்கு இந்நேரம் இன்னும் இறங்கியிருக்கும்."

அக்கா அதற்குள் மேலாளர் பக்கம் திரும்பிவிட்டாள். குரலில் சுணக்கம் எதுவும் இல்லை.

"பார்த்தீங்களா சார்? பொத்திப் பொத்தி வச்ச என் வண்டி மட்டும் தேறியிருந்தா, நான் விதிவிலக்குன்னு சொல்லியிருப்பீங்க. இவன் கையேட்டைப் பிரிச்சே பார்க்காதவன். இவனோட வண்டியும் ஏழு வருஷத்துல இப்படி நிக்குதுன்னா, உங்க ஆறு வருஷக் கணக்கு எங்கே நிக்கும்?"

ஃபுல்லு நெஞ்சில் கை வைத்தான். "திட்டுறாங்களா, பாராட்டுறாங்களா?"

கடைசியாகப் புதுசுவின் வண்டி. அவன் ஃபோனை நோண்டிக்கொண்டு அலட்சியமாக நின்றான். ஐந்து வயது வண்டி, யாரும் குறை சொல்ல முடியாது. கருவி இருபத்தாறில் நின்றது. பணிமனைக்காரி நம்பாமல் இன்னொரு கருவியைச் செருகி உள்ளே பார்த்தாள்.

"பேட்டரிக்குள்ள இருக்கிற அடுக்குகள்ல ஒண்ணு மட்டும் பலவீனமா இருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது நீ ஓட்டினதால வந்தது இல்லை தம்பி. தயாரிக்கும்போதே வந்த கோளாறு மாதிரி தெரியுது."

தாள் சொன்னபடி நடந்திருந்தால் நல்ல வண்டிகள் நான்கும் வீட்டுக்குப் போயிருக்கும், நோயாளிகளை ஏற்றிக்கொண்டு இது ஒன்றுதான் பாலத்தின் மேல் ஏறியிருக்கும். மேலாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே பழைய தாளைக் கிழித்துவிட்டு, வயது எதுவானாலும் வருடத்துக்கு ஒரு முறை சோதனை என்று புதிய தாள் ஒட்டினார். தவறை ஒரே நாளில் கிழித்துப் போடுகிற அதிகாரியை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கு அந்த மரியாதை சேர வேண்டும்.

ஆனால் புதுசுவின் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான் பாட்டுக்கு இருந்தேன். நீங்க அளக்கணும்னு சொல்லி என் பொழப்புல கை வச்சுட்டீங்களே."

அவன் சொன்னது உண்மை. சரியான காரியம் செய்தால் யாருக்கும் வலிக்காது என்று நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

"உத்தரவாதம் எத்தனை வருஷம்டா?" என்று கேட்டாள்.

"பேட்டரிக்கா? தெரியலை. வாங்கும்போது ஏதோ சொன்னாங்க."

"எட்டு. எழுபதுக்குக் கீழே போனா கம்பெனிதான் சரி பண்ணித் தரணும். உனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. இன்னிக்கு அளக்காம விட்டிருந்தா, அதுவும் முடிஞ்ச பிறகுதான் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நம்ம பேச்சை அங்கே யாருக்கா கேப்பாங்க?"

"நான் வர்றேன்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, அண்ணி ஃபுல்லுவின் முப்பத்தைந்தை மட்டும் மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தாள். பிறகு புதுசுவைப் பற்றிக் கேட்டாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு அண்ணி?"

"நீ கையேட்டைப் படி. நான் சத்தம் போடுறேன்."

ஷோரூமில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் முதலில் வேகச் சார்ஜைக் குறை சொன்னான், பிறகு ஓட்டும் முறையைக் குறை சொன்னான், கடைசியில் தட்பவெப்பத்தையே குறை சொன்னான். அக்கா உத்தரவாதப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். வேகச் சார்ஜ் போடக் கூடாது என்று எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டாள். அவன் தேடிக்கொண்டிருக்கும்போது, புது வண்டி பார்க்க வந்த ஒரு தம்பதியிடம் அண்ணி போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்குங்க, நல்ல வண்டி. எங்ககிட்டயே ஏழு வருஷமா ஓடுது" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "பேட்டரி போச்சுன்னா இவங்க மாத்தித் தருவாங்களான்னுதான் இப்ப பார்த்துக்கிட்டு இருக்கோம். இருந்து பார்த்துட்டுப் போங்களேன்."

இளைஞன் உள்ளே போய் ஒரு மூத்த அதிகாரியோடு திரும்பி வந்தான். அவர் புதுசுவிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். பழுதான அடுக்கை மாற்றித் தருவதாகவும், அதுவரை ஓட்டுவதற்கு வேறொரு வண்டி தருவதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வேறொரு வண்டியின் பேட்டரியை எப்போது அளந்தீர்கள் என்று அக்கா அவரைக் கேட்டாள்.