பந்தலில் கட்டிய கம்பி

மகன் கரண்டில் ஓடும் கார் வாங்கி வந்தான். சாயங்காலம் பூரா அதைச் சுற்றிச் சுற்றி வந்து சொன்னான். அஞ்சு பேர் தாராளமாக உட்காரலாம். முழுசாக ஏற்றினால் மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் ரெண்டு தரம் போய் வரலாம். கிரைண்டர் போடுகிற பெரிய பிளக்கே போதும், எட்டு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

மறுநாள் காலையில் பிளக்கைச் சொருகினான். ஒயரில் இருந்த பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தது. கார் ஒரு சொட்டுக் கரண்டும் எடுக்கவில்லை. விற்ற கடைக்குப் போன் போட்டால், "எர்த்து பாருங்க சார்" என்று வைத்துவிட்டார்கள்.

எலக்ட்ரீசியன் வந்து பல்பை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்த ஊட்டுல எர்த்தே இல்லீங்க, கசியற கரண்டு மண்ணுக்கு எறங்க வழியில்லீங்க. காருக்கு வெவரம் இருக்குது, வேண்டாம்னுருச்சு. கிரைண்டர் தொட்டா சுரீர்னு அடிக்குமுங்களே?"

"அடிக்காமயா?" என்றாள் மருமகள். "நான் வந்த நாள்ல இருந்து அடிக்குது. ஈரக்கையோட தொட்டா அப்படித்தான், மணைப்பலகை மேல நின்னு ஆட்டுன்னு அத்தைதான் சொன்னாங்க."

"ஏங்கண்ணு, அது ஆளையே கொன்னிருக்கும்" என்றார் எலக்ட்ரீசியன்.



அவர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். எர்த்துக்குத் தோண்டிய குழி இருந்தது, குழாய் இருந்தது, அதிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைக் காணோம்.

"ஒயரிங் பண்ணுனவன் கம்பியே போடாம ஏமாத்திட்டானுங்க."

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒயரிங் செய்தவர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், வயசானவர். "ஊட்டுக்கே போய்க் கேக்கறேன்" என்று செருப்பை மாட்டினான்.

அந்த மனுசர் கம்பி போட்டார். கோடையில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் அவர்தான். ஒரு வருசம் விடாமல் ஊற்றினேன். ஆனால் சுவரோரம் ஓடிய அந்தக் கம்பியில் லைட்டும் இல்லை, பிளக்கும் இல்லை. வேலை செய்வது குழிதான், கம்பி மிச்சம் என்று நினைத்து அறுத்து அவரைக்கொடிப் பந்தலுக்குக் கட்டிவிட்டேன். அதற்கப்புறமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

வெளி ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. மகன் வாசல் தாண்டிவிட்டான்.

"சாமி, போகாத. கம்பி பந்தல்ல இருக்குது. நாந்தான் அறுத்தேன்."

எலக்ட்ரீசியன்தான் முதலில் சிரித்தார். "அவரைக்காய்க்கு எர்த்து குடுத்திருக்கீங்க போங்க!"

மகன் சிரிக்கவில்லை. மருமகளும் சிரிக்கவில்லை.

புதுக் கம்பி இழுத்ததும் பச்சை லைட் வந்தது. எல்லாரும் காரைப் பார்க்கப் போனார்கள். நான் சமையல்கட்டுக்குப் போய், கிரைண்டரைப் போட்டு, வெறுங்காலோடு தரையில் நின்று தொட்டேன். ஒன்றும் இல்லை. கையை எடுக்காமல் நின்றேன்.

பின்னாலேயே மருமகள் வந்தாள்.

"தள்ளுங்க அத்தை. அடி வாங்குனவ நானு, நான் பாக்கறேன்."

மணைப்பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளும் கையை வைத்தாள்.