கையெழுத்துப் போட்டவன்

பூனாவில் தாபோடியைச் சேர்ந்த இருதயராஜ் மேடை வேலைக்கு வந்தது தொண்ணூற்றிரண்டில். தோட்டா ஃபேக்டரியில் பணியாற்றிய அப்பா, "டான்ஸ் ஆடுறவனுக்குக் கம்பி சுமக்கிறதும் ஒரு பொழப்பால?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மகன் அசையவில்லை. கேபிள் சுருட்டினான், விளக்குக் கட்டினான். பன்னிரண்டு வருஷத்தில், இவன் கை படாமல் முதலாளி லக்ஷ்மிநாராயணனின் மேடை போடும் கம்பெனியில் ஒரு கம்பம் எழும்பாது என்றாயிற்று. ஆனால் மேடை பத்திரமானது என்று போலீசுக்குக் காட்டும் தாளில் முதலாளிதான் கையெழுத்துப் போடுவார்.

2004 மே மாதம், பூனாவின் கோந்த்வாவில், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு புல்வெளி லானில், ஃபிளாட் கட்டி விற்கும் கம்பெனியின் விழா. காலையில் முதலாளி அந்தத் தாளை இவனிடம் நீட்டினார்.

"இனிமே நீதான் மேனேஜர். போடு."

முழுப் பெயரையும் நிதானமாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தான். சந்தோஷம் தாங்காமல் மனைவி ஜோசபினுக்குப் போன் போட்டான்.

"இத்தன வருஷம் அவரே போட்டாரு. இன்னைக்கு மட்டும் ஏன் உங்ககிட்ட குடுக்காரு?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்" என்று வைத்துவிட்டான். ஆனாலும் அந்தக் கேள்வி அவனை விடவில்லை.

காரணம் காலுக்குக் கீழேயே இருந்தது. புல்லுக்கடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதென்று, லான்காரர் முளையடிக்க விடவில்லை. அதனால் மேடையின் நான்கு இரும்புக் கோபுரங்களையும் தண்ணீர் நிரப்பிய டிரம்களில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீரின் கனம்தான் பிடிமானம். முதலாளிக்கு இது முந்தின நாளே தெரியும்.

மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. ஓர் இலை அசையவில்லை. இருதயராஜ் ஒரு டிரம்மைத் தட்டினான். வெற்றுச் சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தான். முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். சமையல்காரர்கள் தட்டுக் கழுவ மொண்டிருக்கிறார்கள், பாவிகள். மற்றவையும் அப்படியே. தண்ணீர் கொண்டுவந்த டேங்கர் எப்போதோ போய்விட்டது.

முதலாளியிடம் ஓடினான். "சார், ஷோவ நிறுத்தணும். டிரம்முல தண்ணி இல்ல. காத்து வந்தா மேல உள்ளதெல்லாம் கீழ வந்துரும்."

"பசங்க டான்ஸ் பத்து நிமிஷம். முடியட்டும்."

"அந்தப் பிள்ளைங்கதான் சார் கீழ நிக்குது."

"பத்திரம்னு எழுதிக் குடுத்தது நீ. இப்போ மாத்திப் பேசினா பூனாவுல எவன் உன்னக் கூப்பிடுவான்?"

மேடையில் முப்பது பிள்ளைகள். இருதயராஜ் நேரே ஜெனரேட்டருக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். பாட்டு நின்றது. கூட்டம் கத்தியது. "உத்ரா, உத்ரா" என்று மராத்தியில் இறங்கச் சொல்லி விரட்டி, பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். முதலாளி சட்டையைப் பிடித்தார்.

"இன்னையோட நீ தொலைஞ்சே."

கடைசிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இருபது அடி போயிருப்பான், காற்று வந்தது. முன்பக்கத்துக் கோபுரம் சாய்ந்தது, அது இழுத்த இழுப்பில் விளக்குகளோடு கூரையும் பிள்ளைகள் ஆடிய இடத்தில் விழுந்தது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. இவன் ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதான்.

மழையோடு போலீஸ் வந்தது. முதலாளி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

"மேடைக்கு இவர்தான் பொறுப்பு, சாப்."

இன்ஸ்பெக்டர் தாளை இவன் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்தா?"

மழை பட்டும் எழுத்து கலையவே இல்லை. அடியில் இழுத்த கோடுகூட நேராக இருந்தது.

"என்னோடதுதான் சாப்" என்றான் இருதயராஜ். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், ஏறினான்.